வேறு யாராவது

வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கண்டுபிடித்தே தீர்வது என ராபர்ட் பிளட், டொனால்டு வுல்ஃப் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கிளம்பினார்கள். டெட்ராய்ட் வட்டாரத்துக் குடும்பங்களுக்காக எட்டுக் கேள்விகள் தயாரித்தார்கள். கணவன் எந்த வேலைக்குப் போவது, என்ன கார் வாங்குவது, ஆயுள் காப்பீடு எடுப்பதா வேண்டாமா, விடுமுறைக்கு எங்கே போவது, எந்த வீட்டில் குடியிருப்பது, மனைவி வேலைக்குப் போகலாமா, உடம்புக்கு வந்தால் எந்த டாக்டர், வாரச் சாப்பாட்டுச் செலவுக்கு எவ்வளவு. இவற்றில் கடைசி வார்த்தை யாருடையது என்று வீடு வீடாகக் கேட்டு, 1960-இல் புத்தகமாகப் போட்டார்கள். குடும்ப முடிவுகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அங்கேதான் பிள்ளையார் சுழி போடுகிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, அவர்கள் கணவன்மாரிடம் எதையுமே கேட்கவில்லை. மனைவிமாரிடம் மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். இதை ஆராய்ச்சிக் குறை என்று பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். குறை என்ன இருக்கிறது? யாரைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று தெரிந்துதானே கதவைத் தட்டியிருக்கிறார்கள். அப்போதே ஆராய்ச்சி முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் அச்சுக்கூலி.

பட்டுக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒருவனுக்கு டெட்ராய்ட் சமாசாரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் மகள் மனையியலில் முதுகலை படிக்கிறாள். மனையியல் என்றால் கேக் செய்யவும் கைக்குட்டையில் பூப்போடவும் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அவள் எடுத்துக்கொண்டது குடும்ப வள மேலாண்மை. ஆய்வுத் தலைப்பு, நெசவாளர் குடும்பங்களில் முடிவெடுத்தல், மன அழுத்தம், பூசல் தீர்த்தல். ஊர் முழுக்கப் போய்க் கேட்பதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்த்தாக வேண்டுமாம். விடுமுறைக்கு வந்தவள், மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கு அலைச்சல் என்று நோட்டைப் பிரித்துவிட்டாள்.

எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வேகவதி ஆற்றங்கரை ஊர், சரித்திரக்காரர்களுக்கு ஜினகாஞ்சி. கோயில்களுக்காக வருகிறவர்கள் வரதராஜரையும் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் பார்த்து முடித்து, பட்டும் எடுத்து, அதற்குப் பிறகும் வண்டியில் டீசல் இருந்தால் எங்களிடம் வருவார்கள். தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். முன்பு வாசலுக்கு வாசல் கேட்டது. இப்போது நின்று காது கொடுக்க வேண்டியிருக்கிறது.

எட்டுக் கேள்வியையும் மகள் ஊருக்கேற்ப மாற்றிக்கொண்டாள். கார் ஸ்கூட்டியாயிற்று. விடுமுறை, திருப்பதியா மேல்மலையனூரா என்றாயிற்று. என்னைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டாள். அம்மாவை அடுக்களையில் வைத்துக் கேட்டாள். ஒருவர் பதில் மற்றவர் காதில் விழக்கூடாது என்பது விதி. நடுவில் இருந்த ஜன்னலுக்கு விதி தெரியாது.

"எந்த டாக்டர்னு யார் முடிவு பண்றது?" என்றாள்.

"நான்தான். ஊசி எனக்குத்தானே," என்றேன்.

உள்ளே அதே கேள்விக்கு வந்த பதில்: "நான்தான். அவருக்குக் காய்ச்சல்னே நான் சொல்லித்தானே தெரியும்."

ஸ்கூட்டியும் இப்படித்தான். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று நான் கேட்டேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியது யார் என்று அவள் கேட்டாள். எட்டில் ஒன்றே ஒன்றுதான் ஒத்துப்போயிற்று. ஆயுள் காப்பீடு. நான் செத்தால் பணம் வரும் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இருந்திருக்கிறது.

மகள் அதிரவில்லை. கான்ஸ்டன்டினா சஃபிலியோஸ் ராத்ஸ்சைல்டு என்ற அம்மாள் டெட்ராய்டிலும் ஏதென்ஸிலும் கணவன் மனைவி பதில்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று 1969-லேயே எழுதிவிட்டாராம். நீங்கள் செய்வது குடும்பச் சமூகவியலா, மனைவிமார் குடும்பச் சமூகவியலா என்று கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டவர் அவர். ஒரு பெண்மணி நம் கட்சி பேசுகிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ச்சி அடங்குவதற்குள் அவரே 1976-இல் சொன்ன இன்னொன்றை மகள் படித்துக் காட்டினாள். குடும்பத்தில் அதிகாரம் இரண்டு வகை. எதைச் செய்வது, யார் செய்வது என்று எப்போதாவது ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற அதிகாரம் ஒன்று. அப்படிச் சொன்னதை வரிசையில் நின்று, வெயிலில் காய்ந்து, சில்லறை வாங்கி நிறைவேற்றுகிற அதிகாரம் மற்றொன்று.

இரண்டாவது அதிகாரத்தில் என்னை அசைக்க இந்த ஜில்லாவில் ஆளில்லை. ரேஷன் கடையில் எனக்கு இருக்கும் செல்வாக்கைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

நம் சர்க்காரும் சும்மா இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு 1998-99 சுற்றில், என்ன சமைப்பது என்று முடிவு செய்வது யார் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் இந்த முடிவு இரவு சாப்பாட்டுக்குப் பின் கூடிப் பேசி எடுக்கப்படுகிறது. நாளைக்கு என்ன குழம்பு என்பாள். எதையாவது வை என்பேன். எதையாவது என்று ஒரு குழம்பு இல்லை, சரியாகச் சொல்லுங்கள் என்பாள். வத்தக்குழம்பு என்பேன். கத்தரிக்காய் வதங்குகிறதே என்பாள். மறுநாள் கத்தரிக்காய் சாம்பார். இதை மகள் தன் தாளில் "கலந்தாலோசனை" என்று பதிவு செய்திருக்கிறாள்.

அந்த மாதிரிக் கேள்விகளுக்குக் கீழே நாலு கட்டம் இருக்கும். மனைவி, கணவர், இருவரும் சேர்ந்து, வேறு யாராவது. மகள் இதை வாய்விட்டுப் படித்தபோது கூடத்து மூலையில் கயிற்றுக்கட்டிலில் கண்ணை மூடியிருந்த என் அம்மா, கண்ணைத் திறக்காமல் கேட்டாள்: "யாருடி அது, வேற யாராவது?"

"அது சும்மா ஆயா. ஒரு கட்டம்," என்றாள் பேத்தி.

இனிமேல்தான் குழி.

எங்கள் கூடத்தில் ஒரு குழி இருக்கிறது. அப்பாவின் குழித்தறி இருந்த இடம். நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். தறியில் ஏறிய பாவு வறண்டுவிடாமல் மண்ணின் ஈரம் காக்கும் என்பார்கள். அப்பா போட்டது கோர்வைச் சேலை. உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழைக்கு இழை பின்னிக்கொள்ள வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என மூன்று ஓடும். தனியாளால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரை நாடாவை வாங்கி எறிய இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா.

காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபங்களில் தம்பதிகளை வாழ்த்த எழுந்திருக்கிறவர்கள் தவறாமல் கோர்வைச் சேலையை உவமை சொல்வார்கள். உடலும் கரையும் போல என்று ஆரம்பிக்கும்போதே எனக்கு மோர் ஞாபகம் வந்துவிடும். சொல்லுகிறவர்களில் ஒருவரும் கோர்வைத் தறி பக்கத்தில் உட்கார்ந்தவர் இல்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் வாழ்க்கையில் போட்ட சண்டையில் முக்கால்வாசி அந்தக் குழியோரத்தில் போட்டதுதான். "எங்க பாக்கிற, எறி" என்பார் அப்பா. நாடா வந்து விழும். "உங்கம்மா ஊர்ல சொன்னத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?" என்பாள் அம்மா. நாடா போகும். கோபத்தில் யாரும் எழுந்து போக முடியாது. எழுந்தால் சேலை நிற்கும், சேலை நின்றால் கூலி நிற்கும். ஆகவே ஒவ்வொரு வசவும் அடுத்த நாடாவுக்குள் முடிந்தாக வேண்டும். பூசல் தீர்ப்பதைப் பற்றி மகள் கொண்டுவந்த புத்தகக் கட்டில் இந்த முறைக்குப் பெயர் எதுவும் தென்படவில்லை.

அப்பா போனபின் தறியைக் கழற்றினோம். நான் நெசவுக்குப் போகவில்லை, கணக்கெழுதப் போனேன். என் மகன் ஒரகடத்துப் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போகிறான். கம்பெனி பஸ்ஸே முனைக்கு வந்து ஏற்றிக்கொள்கிறது. இந்தத் தெருவில் பாதி வீட்டுக் கதை இதுதான். தறி போன பிறகும் குழி மட்டும் நின்றுவிட்டது. மேலே பலகை போட்டுப் பாய் விரித்திருந்தோம். அடைமழைக் காலத்தில் அடியிலிருந்து தண்ணீர் ஊறும். மற்ற மாதங்களில் கொசு ஊறும்.

என் மனைவி ஆரி வேலை செய்கிறாள். ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோப்பது. சேலைக்கு முந்தானைக் குஞ்சமும் போடுவாள். கல்யாண மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. சட்டம் போட இடம் வேண்டும். குழியைத் தூர்த்து டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றாள். நான் ஒரே பிடியாக நின்றேன். அது அப்பா உட்கார்ந்த இடம், தூர்க்கக்கூடாது. இதே இடத்தில் அப்பா என்னை உட்காரச் சொன்னபோதெல்லாம் கிரிக்கெட்டுக்கு ஓடியவன் நான் என்பதை அவள் அந்த நேரத்தில் எடுத்திருக்க வேண்டியதில்லை.

பிளட்டும் வுல்ஃபும் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் யார் அதிகம் சம்பாத்தியமும் படிப்பும் கொண்டுவருகிறார்களோ அவர்கள் பக்கம் அதிகாரம் சாயுமாம். மகள் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு ரவிக்கைக்குக் கூலி எண்ணிக்கொண்டிருந்தாள். என் சம்பளம் நின்ற தேதியும் ஆரிச் சட்டம் இரண்டானதும் ஏறக்குறைய ஒரே சமயம். மேற்கொண்டு யாரும் விளக்கவில்லை.

சரி, படித்த பிள்ளை முறையாகத் தீர்த்துவைக்கட்டும் என்று விட்டோம். முடிவெடுப்பதற்கு ஐந்து படி என்று மனையியல் மாணவிகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறார்கள். பிரச்சினையை வரையறு, மாற்று வழிகளைத் தேடு, ஒவ்வொன்றையும் யோசித்துப் பார், ஒன்றைத் தேர்ந்தெடு, முடிவுக்குப் பொறுப்பேற்றுக்கொள். இர்மா கிராஸ், எலிசபெத் கிராண்டல் எழுதிய 1954-ஆம் வருஷத்துப் பாடநூல் வழி வந்தவை. நாங்கள் முதல் படியிலேயே வழுக்கினோம். பிரச்சினை குழி என்றாள் மனைவி. பிரச்சினை ஆரிச் சட்டம் என்றேன் நான். பிரச்சினை யார் என்பதையும் கேட்டால் சொல்வேன் என்றாள் மனைவி. மகன் ஷூவை மாட்டிக்கொண்டு, "எனக்கு ஷிப்ட் இருக்கு," என்று எழுந்தான். பூசலில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைத் தாமஸ், கில்மன் என்ற இருவர் 1974-இல் ஐந்தாகப் பிரித்தார்கள்: மோதல், ஒத்துழைப்பு, சமரசம், விட்டுக்கொடுப்பு, நழுவல். நழுவலுக்கு எடுத்துக்காட்டு முனையில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவனுக்கு வாராந்திர விடுப்பு.

அடுத்து மகள் ஒரு விபரீதத்தைக் கையிலெடுத்தாள். பிரெட் ஸ்ட்ராட்பெக் என்பவர் 1951-இல் வெளியிட்ட சோதனை. நவஹோ பழங்குடியினர், டெக்ஸஸிலிருந்து வந்து குடியேறியவர்கள், மார்மன் சபையினர் என்று மூன்று சமூகத்திலும் பத்துப் பத்துத் தம்பதிகள். நன்றாகத் தெரிந்த மூன்று குடும்பங்களை மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்வார். இந்த மூன்றில் யார் வீட்டுப் பிள்ளைகள் சந்தோஷமானவர்கள், யாருக்குப் பக்தி அதிகம், யாருக்கு ஆசை அதிகம் என்று தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்வார். பதில் வேறுபட்ட இடங்களைக் காட்டி, இருவரும் பேசி ஒரே பதிலுக்கு வாருங்கள் என்று சொல்லி ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு எழுந்துபோய்விடுவார். யார் பேச்சு எடுபட்டது என்று பிறகு எண்ணுவார்.

அமெரிக்காவில் இது நடந்திருக்கலாம். மனத்துக்குள் நினைக்கும் மூன்று குடும்பத்தில் ஒன்று மைத்துனர் வீடாகவும் இன்னொன்று தங்கை வீடாகவும் அமைந்துவிடுகிற திருப்பருத்திக்குன்றத்தில் இதை நடத்துவதற்கு முன் காவல் நிலையத்தில் தகவல் சொல்வது நல்லது. யாருக்கு ஆசை அதிகம் என்ற கேள்விக்கு நான் மைத்துனர் பெயரையும் அவள் என் தங்கை பெயரையும் எழுதியிருந்தோம். மகள் கைபேசியில் பதிவை ஓடவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது நாங்கள் எங்கள் கல்யாணத்தில் நாத்தனாருக்கு எடுத்த சேலையின் விலைக்கு வந்திருந்தோம்.

பிறகு அதைப் போட்டுக் கேட்டாள். ஸ்ட்ராட்பெக்கின் சோதனையில் பெரும்பாலும் அதிகம் பேசியவர் பக்கமே முடிவு சாய்ந்ததாம். எங்கள் பதிவில் என் குரல் கேட்கும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. "இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..." சொல்ல வந்தது என்ன என்று பதிவில் கடைசிவரை இல்லை. எனக்கும் இப்போது ஞாபகமில்லை.

மன அழுத்தத்துக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே என்ற இரண்டு டாக்டர்கள் போட்டது. வாழ்க்கையில் நடக்கும் 43 சம்பவங்களுக்கு மதிப்பெண். எல்லாவற்றையும் எதை வைத்து அளந்தார்கள் என்றால், கல்யாணத்தை வைத்து. கல்யாணத்துக்கு இவ்வளவு என்று முதலில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, மற்றது அதைவிட எத்தனை மேல், எத்தனை கீழ் என்று ஆட்களைக் கேட்டார்கள். கடைசியில் கல்யாணம் 50-இல் நின்றது. சிறைவாசம் 63. வேலையிலிருந்து ஓய்வு 45. பிரிந்த மனைவியோடு மறுபடி சேர்வதற்கும் அதே 45. மாமியார் வீட்டுத் தகராறு 29. பிள்ளை வீட்டை விட்டு வெளியூர் போனாலும் 29. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குக்கூட 12. தீபாவளியைச் சேர்க்காதது அவர்கள் அதிர்ஷ்டம். கணவன் மனைவி வாக்குவாதத்தின் எண்ணிக்கை மாறுவதற்கு 35. கூடினாலும் 35, குறைந்தாலும் 35. அதாவது, வீட்டில் அமைதியை நிலைநாட்டினால் உடம்புக்கு ஆகாது. இதை நான் மனைவியிடம் உடனே தெரிவித்தேன். வருஷத்தில் கூட்டுத்தொகை 300-ஐத் தாண்டினால் நோய் வருவதற்கு நிறைய வாய்ப்பு என்கிறார்கள்.

உட்கார்ந்து கூட்டினோம். அழுத்தத்தைக் குறைப்பதற்கான பயிற்சி, பரீட்சையாகிவிட்டது. நான் ஓய்வுபெற்றதற்கு 45 எடுத்துக்கொண்டேன். அது தனக்குத்தான் சேரவேண்டும் என்று மனைவி வழக்காடினாள். "நாள் முழுக்க வீட்ல இருக்கிறது நீங்க. பாக்கிறது நானு." மகள் பாதிப் பாதி பிரித்துக் கொடுத்தாள். எனக்கு இருபத்திரண்டரை.

கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள், "எனக்கு எவ்ளோ போட்டிருக்கான்?"

மகள் தயங்கினாள். பட்டியலில் முதல் வரி அது. "தாத்தா போனதுக்கு நூறு, ஆயா."

"நூத்துக்கு நூறா?" என்றாள் அம்மா. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தா அப்பவே வாங்கியிருப்பேன்."

குடும்பத்தையே நோயாளியின் கூடவே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் தங்குவது நெடுநாள் வழக்கம். தனியாக ஒருவரைக் குணமாக்கி அதே வீட்டுக்கு அனுப்பிப் பயனில்லை என்ற அனுபவம்தான் காரணமாக இருக்கவேண்டும். நல்ல ஏற்பாடு என்றேன். "கூடத் தங்கறவங்களுக்கும் மருந்து குடுப்பாங்களா?" என்றாள் மனைவி. யாரை மனத்தில் வைத்துக் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஜான் காட்மன் என்பவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு மாதிரி ஓர் ஆய்வுக்கூடம் வைத்து, தம்பதிகளின் உடம்பில் கருவி மாட்டிச் சண்டை போடச் சொல்லிப் பார்த்தவர். குற்றம் சாட்டுவது, இளக்காரம் செய்வது, தன் மேல் தப்பில்லை என்று வாதாடுவது, சுவர் மாதிரி வாயடைத்து உட்காருவது என்று நான்கை ஆபத்து என்கிறார். கடைசி ரகத்தில் பெரும்பாலும் ஆண்கள். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் பேசுவது ஏறாது. குறைந்தது 20 நிமிஷம் பிரிந்திருந்து மறுபடி பேச வேண்டும். கொரோனாவின்போது வாங்கிய ஆக்சிமீட்டர் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. குழி விவகாரத்தைத் திரும்ப எடுத்தபோது மகள் அதை என் விரலில் மாட்டினாள். 112. மனைவி விரலில் மாட்டினாள். 76. இந்த எண்ணோடுதான் அவள் என் தங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

இடைவேளை விட்டார்கள். நான் கோயில் பக்கம் நடந்தேன்.

எங்கள் ஊர்ச் சமணக் கோயிலான திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் என்று ஒன்று உண்டு. விஜயநகர மந்திரி இருகப்பர் 1387-இல் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க ஓவியம். தீர்த்தங்கரர்களின் வரலாறு பட்டை பட்டையாக ஓடும். சென்னை அருங்காட்சியகத்துக்காக டி.என். ராமச்சந்திரன் 1934-இல் எழுதிய நூலில் ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு கதை எனக்கு ரொம்ப வேண்டியது. ரிஷபதேவர் ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் துறவு பூண்டு, பேச்சில்லாமல் தவத்தில் நிற்கிறார். அப்போது நமி, வினமி என்ற இரண்டு உறவுக்காரர்கள் வந்து, எல்லாருக்கும் கொடுத்தீர்களே, எங்கள் பங்கு எங்கே என்று பிடித்துக்கொள்கிறார்கள். அவர் வாயே திறக்கவில்லை. இவர்களும் விடுவதாயில்லை. கடைசியில் நாகராஜன் தரணேந்திரன் வந்து, இருவரையும் அழைத்துப்போய் வேறொரு மலைநாட்டைக் கொடுத்துப் பஞ்சாயத்தை முடிக்கிறான்.

காட்மன் ஆபத்து என்று சொன்னதை எங்கள் ஊர்க் கூரையில் சாமியாக வரைந்து வைத்திருக்கிறார்கள் என்ற பெருமிதத்துடன் வீடு திரும்பி, இனிமேல் நானும் மௌனம் என்று அறிவித்தேன்.

"அவரு ராஜ்யத்தக் குடுத்துட்டு வாய மூடினாரு," என்றாள் மனைவி. "நீங்க எதக் குடுத்தீங்க?"

மௌனம் எடுபடாததால் சமணர்களின் அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். அநேகாந்தவாதம். எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்லாதே என்பது. இதைச் சொல்வதற்கு ஏழு வாய்பாடு இருக்கிறது. குடும்பஸ்தனுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. மறுநாள் காலை, "கரண்டு பில் கட்டியாச்சா?" என்று கேட்டாள். ஒருவகையில் கட்டியாயிற்று, போன தடவை பில். ஒருவகையில் கட்டவில்லை. ஒருவகையில் கட்டியும் கட்டாமலும் இருக்கிறது. பணம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒருவகையில் சொல்ல இயலாது. ஒருவகையில் கட்டியாயிற்று, ஆனால் சொல்ல இயலாது. ஆறாவதை ஆரம்பிப்பதற்குள், "ஃப்யூஸைப் பிடுங்க வருவான். அவன்கிட்ட ஒருவகையில கரண்டு இருக்குன்னு சொல்லுங்க," என்று பையைக் கையில் கொடுத்தாள். ஏழாவதை மின்வாரிய அலுவலக வரிசையில் நின்றபடி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வரிசையிலிருந்து திரும்பி வந்தால் கூடத்தில் மேஸ்திரி நிற்கிறார். டேப்பைக் குழியின் குறுக்கே பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்.

"யார் வரச் சொன்னது?" என்று மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இடைவேளையில் நான் ஆளனுப்பிவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். இருவரும் மகளைப் பார்த்தோம். மகள் கட்டிலைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் அம்மா. மேஸ்திரியின் அப்பனும் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் தறி போட்டவர். வாசலில் போனவரைக் கூப்பிட்டிருக்கிறாள். "தூர்க்கவும் வேணாம், தொறந்தும் போட வேணாம். மேல கடப்பாக் கல்லப் போட்டு மூடு. வேணுங்கிறவன் தூக்கிட்டு உக்காரட்டும்."

நான் அப்பா உட்கார்ந்த இடம் என்று தொடங்கினேன்.

"உங்கப்பன் உக்காந்தாரு. நான் அந்தக் குழியில ஒருநாளாவது உக்காந்தேனா? ஓரத்துல காலை மடக்கி உக்காந்து கரை எறிஞ்சேன். மூட்டு ரெண்டும் அதுலதான் போச்சு."

மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டார். மனைவிக்கு முகம் மலர்ந்தது. கல் போட்டால் என்ன, டைல்ஸ் போட்டால் என்ன, ஆரிச் சட்டத்துக்கு இடம் கிடைத்தால் சரி என்று கணக்குப் போட்டிருப்பாள். "மேல சட்டம் போட்டுக்கலாம் இல்ல, அத்தை?"

"சட்டத்தத் திண்ணையில போட்டுக்கோ, வெளிச்சம் வரும். இங்க என் கட்டிலப் போடப் போறேன். கடப்பாக் கல்லு வெயில்காலத்துல ஜில்லுன்னு இருக்கும்."

திண்ணை இத்தனை நாளாக என் இடம். பேப்பர் படிப்பது அங்கேதான். இதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

மகள் நோட்டுடன் வந்தாள். குழியைப் பற்றிய முடிவு, யார் எடுத்தது, நாலு கட்டத்தில் எதில் டிக் போடுவது என்று கேட்டாள். நானும் மனைவியும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். "இருவரும் சேர்ந்து." ஆயுள் காப்பீட்டுக்கு அடுத்தபடி எங்கள் பதில் ஒத்துப்போனது இதில்தான். மகள் பேனாவை நாலாவது கட்டத்தின் மேல் பிடித்துக்கொண்டு ஆயாவைப் பார்த்தாள்.

"அவங்க சொல்றதயே எழுதிக்கோடி," என்றாள் அம்மா. "எனக்கு எதுக்கு கட்டம்? கட்டில் போதும்."

கல் வாங்கப் போனது நான். கடைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் பாலிஷா சார், ரெண்டு பக்கமுமா?" என்றார். அந்த மாதிரி விஷயத்தை நின்ற இடத்தில் சொல்லிவிட முடியாது என்று வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி எடுத்து, "இருங்க, அத்தையக் கேட்டுச் சொல்றேன்," என்றாள்.